முதிய ஓட்டுநருக்கு ஏற்ற சாட்நாவ்: தேர்வும் தயாரிப்பும் பழக்கமும்

பிரிட்டனில் ஓட்டுநர் உரிமம் 70 வயதில் முடிவுக்கு வந்து, அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் புதுப்பிக்கப்படுகிறது. அந்த வயதைக் கடந்தும் வண்டி ஓட்டுவோர் அந்நாட்டில் பல லட்சம் பேர். பேருந்து அரிதாகவே வந்துபோகும் சிற்றூர்களில் வாழ்கின்றவர்களுக்கு மருத்துவரையும் கடைத்தெருவையும் பேரக்குழந்தைகளையும் சென்று சேரக் காரை விட்டால் வேறு வழியில்லை. இத்தகைய பெற்றோருக்கு, செயற்கைக்கோள்களின் துணையால் வழி சொல்லும் கருவியை, அதாவது அங்கே எல்லோரும் சுருக்கமாகச் சாட்நாவ் என்று அழைக்கும் பொருளை, மகனோ மகளோ பிறந்தநாள் பரிசாக வாங்கித் தருவது இன்று வழக்கமாகியிருக்கிறது. அன்போடு வாங்கப்பட்ட அக்கருவி நான்கைந்து பயணங்களுக்குப் பின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போய், அங்கேயே தங்கிவிடுவதும் நடக்கிறது. அப்பாவுக்கு இதெல்லாம் பழகாது என்று குடும்பத்தார் எளிதில் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தோல்விக்கான காரணம் பெரும்பாலும் கருவியைத் தேர்ந்தெடுத்த முறையிலும், அதைத் தயாரித்துக் கையில் கொடுக்காத அவசரத்திலுமே இருக்கிறது.

வாங்குகின்ற இளையவர் கடையின் வெளிச்சத்தில், நின்ற நிலையில், பழகிய விரல்களோடு கருவியைப் பார்க்கிறார். அதனால் வசதிகளின் பட்டியல் நீண்டிருப்பதே சிறப்பு என்று அவருக்குத் தோன்றுகிறது. ஓட்டுகின்ற முதியவருக்கு அக்கருவி உண்மையில் தேவைப்படும் நேரமோ வேறு. நவம்பர் மாதத்து மாலையில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட, மழைத்துடைப்பான் ஓடிக்கொண்டிருக்க, அறியாத ஊரின் ரவுண்டானா ஒன்றில் தவறான பக்கம் வெளியேறிவிட்ட ஒருவர், பின்னால் நெருங்கிவரும் லாரியின் விளக்கொளியைக் கண்ணாடியில் பார்த்தபடி, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் உடன் யாரும் இல்லாத ஒருவர், சாலையிலிருந்து கண்ணை அதிகம் எடுக்காமல் சரியான பாதைக்குத் திரும்ப அக்கருவி உதவுமா என்ற கேள்வியே தேர்வின் அளவுகோலாக இருக்க வேண்டும். இங்கே கூறப்படும் அனைத்தும் அந்த ஓர் அளவுகோலிலிருந்து பிறப்பவை.

கருவி என்ன செய்கிறது

அஞ்சுகின்ற ஒன்றைக் கையாள்வதற்கு முன் அதன் இயல்பைச் சிறிதளவு அறிந்துகொள்வது அச்சத்தைக் குறைக்கும் என்பதால், அடிப்படையை முதலில் விளக்குவது பொருத்தம். ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசு நடத்தும் செயற்கைக்கோள் தொகுதி. அதன் செயற்கைக்கோள்கள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. காரில் உள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. பொதுமக்களுக்குக் கிடைத்த அலைகளின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்கா 2000ஆம் ஆண்டு மே மாதம் கைவிட்ட பிறகு, ஒரு சாலையையும் அதன் அருகிலுள்ள சாலையையும் பிரித்தறியும் திறன் சாதாரணக் கருவிகளுக்கும் கிடைத்தது.

இதிலிருந்து முதியவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் மூன்று. கருவி கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை என்பதால், செயற்கைக்கோள் அலைகளுக்கு மாதக் கட்டணம் ஏதும் இல்லை. வானத்தைப் பார்க்க முடியாத சுரங்கப்பாதையிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அது தடுமாறுவது இயல்பே. அப்போது பதறாமல் நேராகச் சென்றுகொண்டிருந்தால் சற்று நேரத்தில் அது தன் இடத்தை மீண்டும் கண்டுகொள்ளும். மூன்றாவதாக, நெடுநாள் அணைத்துவைக்கப்பட்டிருந்த கருவிக்கு முதல் கணக்கீட்டைச் செய்யச் சில நிமிடங்கள் தேவைப்படலாம் என்பதால், வீட்டு வாசலிலேயே நின்று, திரையில் இருப்பிடம் தெரிந்த பின் புறப்படுவது நல்லது.

தனிக்கருவியா, கைபேசியா, காரோடு வந்ததா

வழி காட்டும் வசதி இன்று மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. நெதர்லாந்தின் டாம்டாம், அமெரிக்காவின் கார்மின் ஆகிய நிறுவனங்கள் விற்கும் தனிக்கருவிகள் முதல் வகை. கைபேசியில் இயங்கும் கூகுள் மேப்ஸ், வேஸ் போன்ற செயலிகள் இரண்டாம் வகை. காரின் டாஷ்போர்டிலேயே பதிக்கப்பட்டு வருவது மூன்றாம் வகை. கைபேசி எல்லோரிடமும் இருக்கும்போது தனிக்கருவி எதற்கு என்று இளையவர்கள் கேட்பது நியாயமானதே; போக்குவரத்து நெரிசலை உடனுக்குடன் அறிவதில் கைபேசிச் செயலிகள் சிறந்தவை என்பதும் உண்மை.

ஆயினும் மேற்சொன்ன அளவுகோலில் வைத்துப் பார்த்தால், கைபேசிக்கு மூன்று குறைகள் உண்டு. முதலாவது, அது ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்வது. வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வரும், செய்தி வரும், திரை மாறும், மாறிய திரையிலிருந்து நிலப்படத்திற்கு மீள்வது எப்படி என்பது அந்த வேகத்தில் நினைவுக்கு வராது. இரண்டாவது, இணைய இணைப்பு. வேல்ஸின் மலைப்பகுதிகளிலும் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் கைபேசி அலை கிடைக்காத நெடுந்தொலைவுகள் உள்ளன. நிலப்படத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளாத செயலி அங்கே புதிய வழியைக் கண்டுபிடிக்க இயலாமல் போகலாம். தனிக்கருவியோ முழு நாட்டின் நிலப்படத்தையும் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. மூன்றாவது, சட்டம். 2022ஆம் ஆண்டு மார்ச் 25 முதல், ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்து எந்த வகையில் பயன்படுத்தினாலும் பிரிட்டனில் 200 பவுண்டு அபராதமும் உரிமத்தில் ஆறு தண்டப் புள்ளிகளும் விதிக்கப்படலாம். தாங்கியில் பொருத்திய கைபேசியைப் பார்த்து ஓட்டத் தடையில்லை. ஆனால் தாங்கியிலிருந்து நழுவிய கைபேசியைக் கை தானாகவே பிடித்து எடுத்துவிடும் என்பதை ஓட்டுகின்ற எவரும் அறிவர்.

காரோடு பதிக்கப்பட்டு வந்த கருவி திருடு போகாது, கம்பி தொங்காது, ஒலி காரின் ஒலிபெருக்கியிலிருந்தே தெளிவாக வரும். எனினும் அதன் திரை வானொலிக்கும் குளிரூட்டலுக்கும் பொதுவானதாக இருப்பதால் வழிகாட்டும் பக்கம் பல அடுக்குகளுக்குள் மறைந்திருக்கலாம். சில கார்களில் திரை மிகக் கீழே அமைந்து, பார்வையைச் சாலையிலிருந்து நெடுந்தூரம் இறக்கச் செய்கிறது. கைபேசியில் ஏற்கெனவே நன்கு பழகிய முதியவருக்குக் கைபேசியே போதும். புதிய காரின் திரையை அச்சமின்றிக் கையாள்பவருக்கு அதுவே போதும். இரண்டிலும் தயக்கம் உள்ளவருக்கு, ஒரே ஒரு வேலைக்காக உருவாக்கப்பட்ட தனிக்கருவியே பெரும்பாலும் பொருந்துகிறது.

கண்ணுக்கு ஏற்றது

60 வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பது பார்வையியலில் நன்கு அறியப்பட்டது. கண்மணி சுருங்குவதும் வில்லை மஞ்சளாகி மங்குவதும் அதற்குக் காரணங்கள். ஆகவே முதியவருக்குப் பெரிய எழுத்து மட்டும் போதாது, பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே அழுத்தமான நிற வேறுபாடும் வேண்டும். திரையின் அளவைப் பொறுத்தவரை, மூலைக்கு மூலை 5 அங்குலம் உள்ள திரையை விட 7 அங்குலத் திரை பார்ப்பதற்குச் சற்றே பெரிதாகத் தோன்றினாலும், பரப்பளவில் அது ஏறத்தாழ இரு மடங்கு. சிறிய காரின் முன்கண்ணாடியில் அத்தகைய திரை சாலையையே மறைத்துவிடக்கூடும் என்பதால், 6 அல்லது 7 அங்குலத் திரையைக் கண்ணாடியின் கீழ் விளிம்பிலோ டாஷ்போர்டின் மேலோ தாழ்வாகப் பொருத்துவது ஏற்றது.

பலர் கவனிக்காத ஒன்று, கண்ணாடி அணிவோரின் சிக்கல். கருவி ஓட்டுநரின் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது புத்தகம் படிக்கும் தூரமும் அன்று, சாலையைப் பார்க்கும் தூரமும் அன்று. தூரத்துக்கு ஒன்றும் கிட்டத்துக்கு ஒன்றுமாக இரு பகுதிகளை மட்டுமே கொண்ட பைஃபோகல் கண்ணாடியில் இந்த இடைத்தூரம் எந்தப் பகுதியிலும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஆதலால் எந்தத் திரையையும் ஓட்டும்போது அணியும் அதே கண்ணாடியோடு, அதே தூரத்தில் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஓட்டும்போது இடைத்தூரத்தையும் பார்க்க வேண்டியிருப்பதைக் கண் மருத்துவரிடம் சொல்லிவைப்பதும் பயன் தரும்.

பார்வை எவ்வளவு நேரம் திரையில் தங்குகிறது என்பது இவற்றை விட முக்கியமானது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், காருக்குள் இருக்கும் கருவி ஒன்றை ஒருமுறை பார்க்க இரண்டு நொடிக்கு மேல் தேவைப்படக் கூடாது என்றும், ஒரு வேலையை முடிக்க மொத்தம் 12 நொடிக்கு மேல் கண் போகக் கூடாது என்றும் கூறுகின்றன. மோட்டார்வே எனப்படும் விரைவுச்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் செல்லும் கார் இரண்டு நொடியில் 60 மீட்டருக்கு மேல் ஓடிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வரம்பின் பொருள் விளங்கும். எனவே அடுத்த திருப்பத்தின் அம்புக்குறி, அதற்கான தூரம், சாலையின் வேக வரம்பு ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அருகிலுள்ள உணவகங்கள், எரிபொருள் நிலையங்கள், வாகன நிறுத்தங்கள் ஆகியவற்றின் குறிகள் நிலப்படத்தை மூடியிருந்தால் அவற்றை அணைத்துவைக்கும் வசதி கருவியில் இருக்க வேண்டும். பல தடங்கள் பிரியும் சந்திப்பில் எந்தத் தடத்தில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே படமாகக் காட்டும் தட வழிகாட்டல், அலங்கார வசதிகளின் கூட்டத்தில் சேராதது. கடைசி நேரத்தில் தடம் மாறும் ஆபத்தை அது தடுப்பதால் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

காதுக்கும் விரலுக்கும் ஏற்றது

முதுமையில் செவித்திறன் குறையும்போது முதலில் மங்குவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே. மனிதக் குரலில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியிலும், சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகளுள் பல உயர்ந்த சுருதியிலும் அமைந்திருப்பதால், குரல் கேட்கிறது, ஆனால் சொல் விளங்கவில்லை என்ற நிலை உண்டாகிறது. ரவுண்டானாவில் எத்தனையாவது வழியில் வெளியேற வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது இது நேரடியாகத் தாக்குகிறது: ‘ஃபர்ஸ்ட்’, ‘தேர்டு’ என்ற இரு சொற்களிலும் உயிரொலி ஒன்றே, முதலெழுத்தின் மெல்லிய காற்றொலியும் இறுதி மெய்யுமே வேறு. முதல் வழியும் மூன்றாம் வழியும் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த எண் திரையிலும் பெரிதாகத் தெரிகிற கருவியும், தாழ்ந்த சுருதிக் குரலைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் முதியவருக்குத் தேவை.

குரல்களிலும் இரு வகை உண்டு. மனிதர் பேசிப் பதிவு செய்த குரல் இனிமையாக இருந்தாலும், முன்பே பதிவான சில தொடர்களை மட்டுமே சொல்லும். எழுத்தைப் பேச்சாக்கும் கணினிக் குரல் சாலையின் பெயரையும் எண்ணையும் சேர்த்துச் சொல்லும். பிரிட்டனின் மூத்த ஓட்டுநர்கள் காகித நிலப்படத்தைப் பார்த்து, ஏ40இல் சென்று எம்40இல் ஏறுவது என்று சாலை எண்களாலேயே வழியை மனத்தில் இருத்திப் பழகியவர்கள்; அவர்களுக்குச் சாலை எண்ணைச் சொல்லும் குரல் தமக்குத் தெரிந்த மொழியில் பேசுவதைப் போன்றது. கார்மின் கருவிகளுள் சில, தேவாலயத்தைக் கடந்து வலப்புறம் திரும்புக என்பது போல் அடையாளங்களைக் கொண்டு வழி சொல்கின்றன. 200 கெஜம் என்ற எண்ணைத் தூரமாக மனத்தில் மாற்றிக்கொள்ளும் சுமையை இது குறைப்பதால், வழியோரத்தில் நிற்பவர் சொல்வது போன்ற இயல்பு அதற்கு வாய்க்கிறது.

இங்கே தமிழரைப் பற்றியும் ஒரு சொல். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து லண்டனுக்கு வந்து, ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் முதலிய பகுதிகளில் வேரூன்றிய தலைமுறை இன்று மூப்பை எய்திக்கொண்டிருக்கிறது. கூகுள் மேப்ஸில் தமிழ்க் குரல் உண்டு என்பது அவர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். எனினும் சாலைப் பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கும் நாட்டில், காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒரே சொல்லாக இருப்பது மனத்தின் வேலையைக் குறைக்கும். ஆகவே தமிழ்க் குரலையும் ஆங்கிலக் குரலையும் பழகிய சாலையில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, எது எளிதோ அதைக் கொள்வது நல்லது.

விரலைப் பொறுத்தவரை, தொடுதிரையின் வகை கவனிக்கத்தக்கது. இன்றைய திரைகளுள் பெரும்பாலானவை விரலின் மின்னூட்டத்தை உணர்பவை. முதுமையில் உலர்ந்துபோன விரல் நுனியையும் கையுறை அணிந்த விரலையும் அவை சிலவேளை உணர்வதில்லை. பழைய கருவிகளில் இருந்த, அழுத்தத்தை உணரும் திரைகள் எந்த விரலுக்கும் பணிந்தாலும், அழுத்தி அழுத்தித் தொட வேண்டியிருந்தது. தொட்டும் பலிக்கவில்லை என்றால் முதியவர் தம்மையே நொந்துகொள்வது வழக்கமாதலால், குறை திரையில் இருக்கக்கூடும் என்பதை முன்பே சொல்லிவைப்பது அன்பின் கடமை. விசைப்பலகையை அகரவரிசையில் மாற்றிக்கொள்ளும் வசதியும் பல கருவிகளில் உண்டு; தட்டச்சு பழகாதவருக்கு அது பேருதவி.

சேருமிடத்தைச் சொல்வது

பிரிட்டனில் சேருமிடத்தை உள்ளிட மிக எளிய வழி, எழுத்தும் எண்ணும் கலந்த அஞ்சல் குறியீடு. ஒரு குறியீடு சராசரியாக 15 முகவரிகளைக் குறிப்பதால், நகரத்தில் அது தெருவின் ஒரு பகுதிக்கே கொண்டுசேர்த்துவிடும். நாட்டுப்புறத்திலோ அந்தச் சில வீடுகளும் மைல் கணக்கில் சிதறிக் கிடக்கலாம். பெரிய மருத்துவமனையிலோ முழு வளாகத்துக்கும் ஒரே குறியீடு இருந்து, வாகன நிறுத்தத்தின் வாசல் வேறு சாலையில் இருக்கலாம். சேருமிடம் வந்துவிட்டது என்று கருவி சொல்லும் இடம் வயல்வெளியாக இருக்கும்போது முதியவர் அடையும் கலக்கம் பெரிது. வீட்டு எண்ணையும் சேர்த்து உள்ளிடுவதும், கடைசிச் சில நூறு கெஜங்களுக்கான குறிப்பை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வதும் அந்தக் கலக்கத்தைத் தவிர்க்கும்.

ஊர்ப்பெயரைக் கொண்டு தேடுவோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ரிச்மண்ட் என்ற ஊர் லண்டனின் தென்மேற்கிலும் உண்டு, வட யார்க்‌ஷயரிலும் உண்டு. ஜில்லிங்காம் என்ற ஊர் கென்டிலும் உண்டு, டார்செட்டிலும் உண்டு. தேர்ந்தெடுத்த உடனே புறப்பட்டுவிடாமல், மொத்தத் தூரமும் சென்றுசேரும் நேரமும் எதிர்பார்த்த அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒன்றே இந்தப் பிழையைப் பிடிக்கப் போதுமானது. அந்த இரண்டையும் புறப்படும் முன் தெளிவாகக் காட்டும் கருவியே தேர்வுக்கு உரியது.

நிலப்படத்தின் வயது

வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல், குடியிருப்புப் பகுதிகளின் பெரும்பாலான சாலைகளில் பொது வேக வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய நிலப்படத்தோடு அங்கே செல்லும் கருவி 30 என்றே காட்டும். அதை நம்பியவர் அபராதச் சீட்டைப் பெறுவார். சாலையோரப் பலகையே சட்டம், திரை வெறும் நினைவூட்டல் என்பதை முதியவரின் மனத்தில் பதியவைக்க வேண்டும். அதே வேளையில் நிலப்படத்தைப் புதுப்பிக்கும் முறை எளிதாக இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். சில கருவிகளைக் கணினியோடு கம்பியால் இணைத்து, மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. கணினியே இல்லாத வீட்டில் அது நடவாத காரியம். வைஃபை வழியாகத் தானே புதுப்பித்துக்கொள்ளும் கருவிக்குச் சற்று அதிக விலை இருந்தாலும், முதியவருக்கு அதுவே உரியது. வாழ்நாள் முழுதும் இலவச நிலப்படம் என்று பெட்டியில் எழுதியிருந்தால், அந்த வாழ்நாள் கருவியின் வாழ்நாளே, வாங்கியவருடையது அன்று என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நிறுவனம் அந்த மாதிரிக்கு ஆதரவை நிறுத்தும்போது இலவசமும் நின்றுவிடும்.

மலிவாகக் கிடைக்கும் பழைய கருவியை வாங்குவோர் இதில் மேலும் கவனமாக இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். அமைப்பு வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் இயல்புடையது. அந்தத் திருப்பம் 2019 ஏப்ரல் 6 அன்று நேர்ந்தபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் தேதியையும் நேரத்தையும் தவறாகக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கை உலகெங்கும் விடுக்கப்பட்டது.

வாங்கும் முன் நான்கு செயல்கள்

கருவியைப் பயன்படுத்தப்போகும் முதியவரே கடைக்கு வந்து, தம் கண்ணாடியோடும் தம் விரலோடும் நான்கு செயல்களைச் செய்து பார்க்க வேண்டும்: கருவியை இயக்குதல், ஓர் அஞ்சல் குறியீட்டை உள்ளிட்டு வழியைத் தொடங்குதல், ஒலியைக் கூட்டுதல், தொடங்கிய வழியை நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியைக் கேட்டல். முதல்முறை விற்பனையாளர் காட்டலாம். இரண்டாம் முறை யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்நான்கில் எதையாவது மூன்றாம் முயற்சியிலும் தனியே செய்ய இயலவில்லை என்றால், அந்த மாதிரி எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் அவருக்கு உரியதன்று. கடைக்குப் போக இயலாமல் இணையத்தில் வாங்கினால், பொருள் வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளும் உரிமை பிரிட்டனின் சட்டத்தில் உண்டு. அந்த இரு வாரங்களை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கையில் கொடுப்பதற்கு முன்

பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் கருவி எல்லோருக்குமானது. அதை ஒருவருக்கானதாக மாற்றும் வேலை குடும்பத்தாருடையது. வீட்டு முகவரியையும், மருத்துவர், மகள் வீடு, வழிபாட்டுத்தலம், வழக்கமாகப் போகும் கடை ஆகியவற்றையும் அவர் அழைக்கும் பெயர்களாலேயே சேமித்துவைக்க வேண்டும். குறுகிய தூரத்தைத் தேடிச் சந்து வழியாக அனுப்பாதபடி விரைவான வழியைத் தேர்ந்துவைத்து, மண்சாலைகளைத் தவிர்க்குமாறு அமைக்க வேண்டும். வளைவு வருகிறது, பள்ளி வருகிறது, அடுத்தது கேமரா என்று அடிக்கடி ஒலிக்கும் எச்சரிக்கைகளுள் அவர் விரும்பும் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒலிக்கும் மணியை மனம் விரைவில் கேளாதாகிவிடும். லண்டனில் மாசு குறைக்கும் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்திருப்பதால், பழைய காரை வைத்திருப்பவர் அந்த எல்லைக்குள் சென்றால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட நேரலாம் என்பதையும் புறப்படும் முன் நினைவூட்டுவது நன்று.

நிலப்படம் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பது அவரவர் மனப்பழக்கத்தைப் பொறுத்தது. வண்டி செல்லும் திசை எப்போதும் மேற்புறமாகத் தெரியுமாறு வைத்தால், படத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் வேலை இல்லை. அந்த வேலை முதுமையில் மெதுவாகிறது. ஆனால் அரை நூற்றாண்டாகக் காகிதப் படத்தைப் பார்த்தவருக்கு வடக்கு மேலிருப்பதே இயல்பாக இருக்கலாம். புறப்படும் முன் முழு வழியையும் வடக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடும்போது செல்திசை மேலாக வைத்துக்கொள்வது இருவகைப் பழக்கத்தையும் காக்கும்.

இதற்குப் பின் வருவது பயிற்சி. பிரிட்டனில் 2017 டிசம்பர் 4 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, ஓட்டுநர் தேர்வில் 20 நிமிடங்கள் தாமே வழி அறிந்து ஓட்டும் பகுதியில், ஐவரில் நால்வர் சாட்நாவைப் பின்பற்றி ஓட்ட வேண்டும் என்று ஆனது. கருவி சொல்வதைக் கேட்டு ஓட்டுவது தானாக வருவதன்று, கற்றுத் தேற வேண்டிய திறன் என்று அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. 1960களிலும் 1970களிலும் தேர்வில் தேறியவர்களுக்கு அந்தக் கல்வி ஒருநாளும் தரப்படவில்லை. ஆகையால் பழகிய கடைக்குச் செல்லும் பழகிய சாலையில் முதல் பாடம் தொடங்க வேண்டும். வழி ஏற்கெனவே தெரிந்திருப்பதால், கருவி எவ்வளவு முன்னதாகச் சொல்கிறது, எந்தச் சொல்லால் சொல்கிறது என்பதை மட்டும் கவனிக்க மனத்துக்கு ஓய்விருக்கும். இரண்டாம் மூன்றாம் பாடங்களில், வெறிச்சோடிய நேரத்தில் வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டுப் பார்க்க வேண்டும். கருவி கடிந்துகொள்ளாமல் வேறு வழியைக் கணக்கிட்டுத் தருவதை இரண்டொருமுறை கண்ணால் கண்டவருக்கு, தவறவிட்ட திருப்பத்திற்காகத் திடீரென்று பிரேக்கை மிதிக்கும் பதற்றம் குறைந்துவிடும்.

நினைவும் கருவியும்

லண்டனின் கறுப்பு டாக்ஸி ஓட்டுநர்கள், சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து ‘நாலெட்ஜ்’ என்ற தேர்வில் தேறியவர்கள். இடத்தையும் வழியையும் நினைவில் இருத்தும் மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸின் பின்புறம் அவர்களுக்குப் பிறரை விடப் பெரிதாக இருப்பதை எலினார் மக்வயரும் உடனுழைத்தோரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, தாமே வழி கண்டுபிடிப்போரிடம் புதிய தெருவில் நுழையும்போது எழும் அப்பகுதியின் இயக்கம், கருவி சொன்னபடி செல்வோரிடம் எழுவதில்லை என்று கண்டது. வழி அறியும் திறனைக் காத்துக்கொள்ள விரும்பும் முதியவருக்கு இதனால் கிடைக்கும் அறிவுரை எளிது: தெரிந்த வழியில் குரலை அணைத்துவிட்டுத் தம் நினைவால் ஓட்டலாம், தெரியாத வழியில் மட்டும் கருவியைப் பேசவிடலாம்.

குடும்பத்தார் மறக்கக் கூடாத ஒன்றும் இங்கே உண்டு. அறியாத ஊரில் வழி தவறுவது எவருக்கும் நேர்வது. ஆனால் பல்லாண்டு பழகிய சாலையில் ஒருவர் மீண்டும் மீண்டும் வழி தவறினால், அது மறதிநோயின் தொடக்க அறிகுறியாக இருக்கக்கூடும். அந்த நிலையில் கருவியை வாங்கித் தந்து குறையை மூடிவிடுவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உதவி. மறதிநோய் என்று மருத்துவர் உறுதி செய்தால், அதை உரிமம் வழங்கும் துறைக்குத் தெரிவிப்பது பிரிட்டனில் சட்டக் கடமை.

இத்தகைய நோய் இல்லாதவருக்கு, நன்கு தேர்ந்து, நன்கு தயாரித்துக் கொடுக்கப்பட்ட கருவி இன்னும் பல ஆண்டுகளின் நடமாட்டத்தைக் காத்துத் தரும். மழை பெய்யும் நவம்பர் மாலையில் ரவுண்டானாவில் தவறாக வெளியேறிய அந்த ஓட்டுநர், கருவி புது வழி சொல்லும் வரை நிதானமாகச் சென்று, அது போதவில்லை என்றால் பாதுகாப்பான ஓரிடத்தில் நிறுத்தி, ‘வீடு’ என்ற பெரிய பொத்தானை ஒருமுறை தொட்டு, தாம் முன்பே பத்துமுறை கேட்டுப் பழகிய குரல் சாலை எண்ணைச் சொல்லக் கேட்டுப் புறப்படுவார். மகனையோ மகளையோ தொலைபேசியில் அழைக்க வேண்டிய தேவை அவருக்கு அப்போது இராது.